தச்சுத் தொழிலும் தலைமுறைக் கடனும்

ஒரு தொழில் எதனால் நிலைபெறுகின்றது? பொருளினாலா, ஏட்டினாலா, அரசின் ஆதரவினாலா? இம்மூன்றும் வேண்டுவனவே. ஆயினும், கையறிந்த வித்தையைக் கைக்குக் கை மாற்றுவோர் இல்லையாயின், இவை மூன்றும் பயனின்றி ஒழியும் என்பது நம் துணிபு. இதனைத் தொலைநாட்டு வரலாறு ஒன்றினாலும், நம் கள்ளக்குறிச்சிச் சீமையின் வரலாற்றினாலும் விளக்கப் புகுகின்றோம்.

தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில் முற்காலத்து ஆண்டவர் இன்கா மரபினர். இரும்பு அவர்க்குக் கிடைத்ததில்லை. வண்டிச் சக்கரமும் அவர்பால் வழங்கியதில்லை. வன்கல்லால் மென்கல்லைத் தட்டித் தட்டியே பொருத்தி, சாந்தின்றிச் சுவர் எழுப்பினர். குஸ்கோ நகரத்துச் சுவரொன்றில் பன்னிரண்டு மூலைகளையுடைய ஒரு கல், அண்டைக் கற்களோடு இடைவெளி தோன்றாவண்ணம் இன்றும் இயைந்து நிற்கின்றது. 1950-ஆம் ஆண்டு மே மாதம் அந்நகரை நிலநடுக்கம் தாக்கியபோது, பின்வந்த ஸ்பானியர் கட்டிய மாளிகைகளும் கோயில்களும் பல இடிந்தன. இன்காச் சுவர்களோ பெரும்பாலும் அசையாது நின்றன.

கல் நின்றது, கல்லை அவ்வாறு பொருத்திய முறையோ முற்றும் விளங்கிற்றில்லை. ஸ்பானியர் 1532-இல் புகுந்து அவ்வரசைக் குலைத்தபின், கற்பித்து வந்த தொடர்ச்சி அறுந்தமையே அதற்குக் காரணம். இதற்கு மாறாக, கல்லினும் எளிய பொருளாகிய புல்லினால் ஆன ஒரு பாலம் அந்நாட்டில் இன்றளவும் உயிரோடிருக்கின்றது. அபூரிமாக் ஆற்றின்மேல் ஏறக்குறைய 28 மீட்டர் நீளத்தில் தொங்கும் கெஸ்வச்சாக்கா என்னும் பாலமே அது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நான்கு ஊரார் கூடுவர். குடும்பந்தோறும் புல்லை நனைத்துத் துவைத்துச் சிறுகயிறாகத் திரித்துக் கொணர்வர். அவற்றைப் பின்னிப் பெருவடமாக்கிப் பழைய பாலத்தை நீக்கிப் புதியதை மூன்று நாளில் கட்டிமுடிப்பர். நான்காம் நாள் விழா. 2013-இல் யுனெஸ்கோ அவையம் இவ்வழக்கத்தை மானிடப் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்தது. பெருந்தொற்றால் 2020-ஆம் ஆண்டுப் புதுப்பித்தல் தடைப்படவே, 2021 மார்ச்சில் பாலம் அறுந்து வீழ்ந்தது. அவ்வாண்டு ஜூனிலேயே மீண்டும் கட்டினர். அறுந்தது வடமே, அறிவு அறவில்லை. ஆதலின் மீளக் கட்டுதல் எளிதாயிற்று.

இனி நம் சீமைக்கு வருவோம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள், தம் முன்னோராகிய உடன்பிறந்தார் மூவர் காஞ்சியினின்றும் போந்தனரென்றும், அவருள் மூத்தவர் கல்வராயனிலும், ஏனையோர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறினரென்றும் கூறுவர். பிளந்த மூங்கிலை நிறுத்திச் செம்மண் பூசி மேலே புல்வேய்ந்த மனைகள் அவர்தம் பழைய உறைவிடம். புற்கூரையும் ஆண்டுகள் சில சென்றால் புதுப்பிக்கப்பட வேண்டுவதே. காரைவீடுகள் பெருகுந்தோறும் கூரை வேயும் கைகள் குறைகின்றன. தச்சராகிய நாம் இதனைப் பிறர் செய்தியென்று கருதுதல் தகாது.

நம் தச்சரது பெருங்கட்டடம் தேரேயாம். அது நடமாடும் கோயில். இலுப்பை முதலிய வைரம் பாய்ந்த மரங்களைத் துளையும் கழுந்துமாக இணைத்து, அடுக்கடுக்காக எழுப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் உருவங்களைச் செதுக்குவர். தேரும் கெஸ்வச்சாக்காவைப் போன்றதே. மரம் உளுக்கும், எரியும். திருவாரூர்ப் பெருந்தேர் 1926-இல் தீக்கிரையாயிற்று. 1930-இல் புதுத்தேர் ஓடிற்று. நான்காண்டில் அது எழுந்தது எவ்வாறு? செய்முறை அறிந்த கைகள் அக்காலத்து உயிரோடிருந்தன; அவ்வளவே.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவலூர்ப் பகுதிகளில் இத்தச்சு மரச்சிற்பமாகத் தழைத்தது. இக்கலைஞரின் முன்னோர் மதுரைப் பக்கத்தினின்றும் வந்தவர் என்ப. மரத்தை அறுத்து உலர்த்தி, அதன்மேல் உருவத்தை வரைந்து, கொட்டாப்புளியால் உளியைத் தட்டி முதலில் பருவெட்டாகவும் பின்னர் நுணுக்கமாகவும் செதுக்குவர். அளவே இதற்கு உயிர். தாளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு அங்குலமாக, நவதாள உருவம் 108 அங்குலம் பெறும். இவ்வங்குலம் கடையிற் கிடைக்கும் அளவுகோலுக்குரியதன்று. உருவத்தின் உயரத்தினின்றும் பகுத்துக் கொள்ளப்படுவது. ஆதலால் சாணளவுச் சிலையும் ஆளுயரச் சிலையும் ஒரே இலக்கணத்துள் அடங்கும். இதனை ஏட்டிற் படிக்கலாம். ஆனால் மரத்தின் நரம்பு எப்பக்கம் ஓடுகின்றது, உளியை எங்கே தாழ்த்த வேண்டும் என்பதைக் கையே கற்கும்.

பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர் மரச்சிற்பம் 2020-லும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-லும் புவிசார் குறியீடு பெற்றன. மகிழத்தக்கதே. ஆயினும் குறியீடு பெயரைக் காக்கும், உளியைப் பிடிக்காது. பிறர் நம் ஊர்ப்பெயரைத் திருடாவண்ணம் தடுக்க வல்லது அது. நம் பிள்ளைகள் தொழிலை விடாவண்ணம் தடுக்க வல்லதன்று.

பிள்ளைகளை நோதலும் நீதியன்று. உளிக்குரிய கூலி குறைவாயின், ஒரு தந்தை மகனை வேறு வேலைக்கு அனுப்புதல் இயல்பே. நாமும் பள்ளியாசிரியராகலின், பிள்ளைகள் படித்து உத்தியோகம் பெறுதலை வெறுப்போமல்லோம். ஆனால் படிப்பும் தச்சும் பகையல்ல. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கப்பெற்ற அரசுச் சிற்பக் கல்லூரியில் மரச்சிற்பமும் பட்டப் படிப்பாகக் கற்பிக்கப்பெறுகின்றது. அங்கே குலம் வினவுவார் இலர்.

இவ்விடத்து அன்பர்க்குக் கசப்பாயினும் ஒன்று கூறுவோம். நம் வித்தை நம் குலத்தாரிடமே அடைபட்டிருத்தல் வேண்டுமென்று சிலர் எண்ணுகின்றனர். அபூரிமாக் ஆற்றங்கரையில் ஓர் ஊரே பாலம் கட்டுவதாயிருப்பின், அப்பாலம் என்றோ மறைந்திருக்கும். நான்கூர் கூடியமையால் நின்றது. நம் பெண்மக்களும், அயற்குலத்து ஆர்வலரும், மலையிலிருந்து இறங்கிவரும் இளைஞரும் கற்க முன்வரின், அவர்க்கு உளி கொடுப்பதே முன்னோர்க்குச் செய்யும் கடன். வித்தை கொடுத்தாற் குறையும் பொருளன்று.

ஆகவே, நம் சங்கத்தார் ஊர்தோறும் ஒரு பட்டறையைத் தேர்ந்து, விடுமுறைக் காலத்தில் முதிய ஆசாரியர் ஒருவரை அமர்த்தி, அவர்க்குத் தக்க ஊதியமும் கற்போர்க்கு உணவும் அளித்துக் கற்பிக்க வேண்டுகின்றோம். பழைய அளவுகளைப் படமாகவும் எழுத்தாகவும் பதிவு செய்தல் அடுத்த பணியாகும். முதியவர் இருக்கும்பொழுதே இவை நிகழ்தல் வேண்டும். கல்லைப் பொருத்திய கைகள் மறைந்தன; புல்லைத் திரிக்கும் கைகள் மறையவில்லை. நம் மரத்துக்கு எது நேர்வதென்பது நம் கையிலேயே உள்ளது.