வில்லாந்த்ரி கோட்டை மாளிகையும் தோட்டங்களும்

வில்லாந்த்ரி பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில், தூர் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் உள்ள 16ஆம் நூற்றாண்டுக் கோட்டை மாளிகை. ஷேர் ஆறு லுவாரோடு கலக்கும் இடத்துக்கு அருகே, சிறிய கிராமம் ஒன்றை ஒட்டி நிற்கிறது. 2000இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பள்ளத்தாக்குப் பகுதிக்குள் இதுவும் அடங்கும். அங்குள்ள மாளிகைகளில் ஷாம்போர் அளவால் பெயர் பெற்றது. ஷெனோன்சோ, ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அழகால் பெயர் பெற்றது. வில்லாந்த்ரியின் புகழுக்குக் காரணம் அதன் தோட்டங்கள், அவற்றுள்ளும் காய்கறித் தோட்டம்.

இந்த இடத்தில் முதலில் இருந்தது கொலம்பியே என்ற இடைக்காலக் கோட்டை. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி, பிரெஞ்சு மன்னர் பிலிப் ஒகுஸ்திடம் தோல்வியை ஒப்புக்கொண்ட உடன்படிக்கை 1189 ஜூலை 4 அன்று இங்கே ஏற்பட்டது. இரண்டே நாளில் ஹென்றி ஷினோனில் இறந்தார். முதலாம் பிரான்சுவா மன்னரின் நிதித்துறையில் உயர்பதவி வகித்த ழான் லெ பிரெத்தோன், 1530களில் பழைய கோட்டையை இடித்துவிட்டு இன்றைய மாளிகையைக் கட்டினார். ஷாம்போர் கட்டுமானத்தை மேற்பார்வையிட்ட அனுபவம் அவருக்கு இருந்தது. பழைய கோட்டையில் அவர் விட்டுவைத்தது சதுரக் கோபுரத்தை மட்டுமே. மூன்று பக்கக் கட்டடங்கள் சூழ்ந்த முற்றம், ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கித் திறந்திருக்கிறது. 1754இல் மாளிகையை வாங்கிய கஸ்தெலான் பிரபு உட்புறத்தைத் தம் கால வசதிக்கேற்ப மாற்றினார். 19ஆம் நூற்றாண்டில் பழைய தோட்டங்களை அழித்து, வளைந்த பாதைகளும் புல்வெளியும் மரக்கூட்டங்களும் கொண்ட ஆங்கிலப் பாணிப் பூங்கா அமைக்கப்பட்டது.

இன்றைய தோட்டங்கள் ஓகிம் கர்வாலோவின் ஆக்கம். 1869இல் ஸ்பெயினில் பிறந்த அவர் மருத்துவம் படித்தவர். 1913இல் நோபல் பரிசு பெற்ற சார்ல் ரிஷேயிடம் ஆய்வாளராகப் பணியாற்றியவர். இடிபடும் நிலையில் இருந்த மாளிகையை 1906இல் அவரும், அமெரிக்க இரும்புத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த அவர் மனைவி ஆன் கோல்மனும் வாங்கினார்கள். அதன்பின் கர்வாலோ ஆய்வுப் பணியை விட்டுவிட்டு முழுநேரமும் இதிலேயே இறங்கினார். ஆங்கிலப் பூங்கா மறுமலர்ச்சிக் கால மாளிகைக்குப் பொருந்தவில்லை என்பது அவர் முடிவு. மண்ணுக்கடியில் எஞ்சியிருந்த சுவடுகள், பழைய நில வரைபடங்கள், 16ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் ஆந்த்ருவே து செர்சோ வெளியிட்ட மாளிகைத் தோட்டப் படங்கள் ஆகியவற்றை ஆதாரமாக வைத்துக்கொண்டு தோட்டங்களை மீண்டும் உருவாக்கினார். ஆகவே கண்ணுக்குத் தெரியும் செடியும் வேலியும் 20ஆம் நூற்றாண்டுக்கு உரியவை. அமைப்பு மட்டுமே 16ஆம் நூற்றாண்டினது. இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. கல்லைப் போலச் செடியை நானூறு ஆண்டு காப்பாற்ற முடியாது. நட்டு நட்டுத்தான் தோட்டம் நிலைக்கும். தனியார் மாளிகைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதில் கர்வாலோ முன்னோடி. பிரான்சில் வரலாற்று இல்லங்களின் உரிமையாளர்களுக்கான முதல் சங்கத்தை 1924இல் நிறுவியவரும் அவரே. 1936இல் அவர் இறந்தார். மாளிகை இன்றும் அவர் குடும்பத்தாரிடமே இருக்கிறது.

மலைச்சரிவைத் தட்டுத் தட்டாக வெட்டித் தோட்டங்கள் அமைக்கப்பட்டுள்ளன. மேல்தட்டில் நீர்த்தோட்டம். அதன் நடுவிலுள்ள பெரிய குளம் பதினைந்தாம் லூயி காலத்து நிலைக்கண்ணாடியின் வடிவில் வெட்டப்பட்டது. நீரூற்றுகளுக்கும் அகழிக்கும் பாசனத்துக்கும் நீர் இங்கிருந்தே செல்கிறது. பாதையோரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லிண்டன் மரங்கள் நிற்கின்றன. அவற்றைக் குளிர்காலத்தில் கையாலேயே கவாத்துச் செய்கிறார்கள்; மாதக்கணக்கில் நீளும் வேலை அது. 2008இல் சேர்க்கப்பட்ட சூரியத் தோட்டமும் மேற்பகுதியில்தான் உள்ளது.

நடுத்தட்டில், மாளிகையின் கூடத்தை ஒட்டினாற்போல், அலங்காரத் தோட்டம். பாக்ஸ் என்னும் பசுமை மாறாப் புதர்ச்செடியை வேலியாக வளர்த்து, ஒழுங்காக வெட்டி, காதலின் நான்கு நிலைகளை நான்கு சதுரங்களில் வரைந்திருக்கிறார்கள். கனிந்த காதலுக்குத் தீச்சுடர்கள் பிரிக்கும் இதயங்கள். வேட்கைக் காதலுக்கு உடைந்த இதயங்கள். நிலையற்ற காதலுக்கு விசிறிகளும் கொம்புகளும். துயரக் காதலுக்குக் கத்தியும் வாளும். துயரக் காதலின் சதுரத்தில் கோடையில் சிவப்புப் பூக்களை நடுவது குருதியைக் குறிக்க. தரையில் நின்று பார்த்தால் வேலிகள் மட்டுமே தெரியும். கோபுரத்தின் உச்சிக்கோ மேல்மேடைக்கோ ஏறினால்தான் வடிவம் விளங்கும்.

கீழ்த்தட்டில், கிராமத்துத் தேவாலயத்தின் அருகே, சுமார் ஒரு ஹெக்டேரில் காய்கறித் தோட்டம் விரிகிறது. ஒரே அளவுள்ள ஒன்பது சதுரங்கள். ஒவ்வொன்றின் உட்கோலமும் வேறு. இதில் இரண்டு மரபுகள் கலந்துள்ளன. இடைக்கால மடங்களின் துறவிகள் காய்கறிப் பாத்திகளைச் சிலுவை வடிவில் வகுத்தார்கள்; பாத்திகளிடையே நிற்கும் ரோஜாச் செடிகள் அந்தத் துறவிகளின் அடையாளம் என்று சொல்லப்படுகிறது. பாதைகள் சந்திக்கும் இடத்து நீரூற்றுகளும் கொடிப்பந்தல்களும் இத்தாலியிலிருந்து வந்தவை. நடுவது உணவுக்காக மட்டும் இல்லை, நிறத்துக்காகவும்தான். லீக்கின் நீலப்பச்சை, பீட்ரூட் இலையின் கருஞ்சிவப்பு, செம்முட்டைக்கோசின் ஊதா, கேரட் தழையின் இளம்பச்சை ஆகியவை அடுத்தடுத்து அமையும்படி திட்டமிடுகிறார்கள்.

ஆண்டுக்கு இரண்டு நடவு: வசந்தத்தில் ஒன்று, ஜூன் முதல் அக்டோபர் வரை நிற்கும் கோடை நடவு மற்றொன்று. எட்டுத் தாவரக் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் நாற்பது வகைக் காய்கறிகள் பயன்படுகின்றன. ஒரே குடும்பத்துப் பயிர் ஒரே இடத்தில் தொடர்ந்தால் அதே சத்துகள் குறையும், நோயும் மண்ணில் தங்கும். எனவே பயிர்ச் சுழற்சி கட்டாயம். நிறப்பொருத்தமும் சுழற்சியும் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வதில்தான் தோட்டக்காரரின் திறமை இருக்கிறது. ஆண்டுதோறும் திட்டம் மாறுவதால், ஒரு முறை கண்ட கோலத்தை மறு ஆண்டு காண முடியாது. 2009 முதல் இங்கே இயற்கை முறைச் சாகுபடி நடக்கிறது. களையை மருந்தடித்துக் கொல்லாமல் கொத்தி எடுக்கிறார்கள்.

மாளிகைக்குள் காண வேண்டியவற்றுள் முதன்மையானது, ஸ்பெயினின் தொலேதோவிலிருந்து கர்வாலோ கொண்டுவந்து பொருத்திய மரக் கூரை. இஸ்லாமிய வடிவக் கணிதமும் கிறித்தவ அடையாளங்களும் கலந்த 15ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு அது. நெடுநேரம் அண்ணாந்து பார்க்கத் தகுந்தது.

பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் தூர் வந்து, அங்கிருந்து சாலை வழியாக வில்லாந்த்ரியை அடையலாம். தோட்டங்கள் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். மாளிகை குளிர்காலத்தில் சில வாரங்கள் மூடப்படும். தோட்டங்களுக்கு மட்டும் தனி நுழைவுச்சீட்டு உண்டு. ஆனாலும் கோபுரத்தின் மேலிருந்து கோலங்களைக் காண்பதற்காகவே மாளிகைக்கும் சேர்த்து வாங்குவது நல்லது. காய்கறிப் பாத்திகள் நிறம் முற்றி நிறைந்திருப்பது ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பரிலும். அப்போது பூசணிக் காய்களும் பழுத்திருக்கும். இரு நடவுகளுக்கும் இடைப்பட்ட ஜூன் நாட்களில் சில பாத்திகள் வெறுமையாக இருக்கக்கூடும். ஜூலை மாதச் சில இரவுகளில் ஆயிரக்கணக்கான மெழுகுவத்திகளை ஏற்றித் தோட்டத்தைத் திறந்துவைக்கும் விழாவும் நடைபெறுகிறது.