எம்மை அழவைத்த கார்பென்ரர்ஸ்

ரொறன்ரோ, லண்டன், கொழும்பு, எங்கே நடந்தாலும் எமது பழைய மாணவிகள் சங்கத்தின் இரவுணவு ஒரே மாதிரித்தான் முடிகிறது. சாப்பாடு முடிந்து, கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டதும், யாராவது ஒரு மூத்த அக்கா ‘யெஸ்ரர்டே வன்ஸ் மோர்’ பாடலைத் தொடங்குவார். பாதிப் பாட்டுக்குள் கைக்குட்டைகள் வெளியே வந்துவிடும். அதன் பிறகுதான் கல்லூரிக் கீதம். அமெரிக்க இசைக்குழு ஒன்றின் பாட்டு எமது கீதத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது எப்படி என்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டனர். ஒப்புக்கொண்டு எழுத உட்கார்ந்தபோதுதான், எம்மை இத்தனை காலம் அழவைத்த பெண்ணைப் பற்றி எம்மில் பலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது என்பதை உணர்ந்தோம்.

கார்பென்ரர்ஸ் என்பது ஒரு அண்ணனும் தங்கையும். ரிச்சர்ட் 1946 இலும் கரன் 1950 இலும் கொனெக்ரிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் பிறந்தவர்கள். 1963 இல் குடும்பம் கலிபோர்னியாவில் உள்ள டவுனிக்கு இடம் மாறியது. அண்ணன்தான் வீட்டின் இசை மேதை என்று எல்லோரும் நம்பியிருந்தனர். தங்கை தேகப்பயிற்சி வகுப்பிலிருந்து தப்புவதற்காகவே பாடசாலை பாண்ட் குழுவில் சேர்ந்தாள். அங்கே கையில் கொடுத்த மணி வாத்தியம் பிடிக்காமல், பையன்கள் அடித்துக்கொண்டிருந்த டிரம்ஸைக் கேட்டு வாங்கினாள். 1966 இல் ஹொலிவூட் போல் அரங்கில் நடந்த இசைக்குழுப் போட்டியில் ரிச்சர்டின் மூவர் குழு வென்றபோது டிரம்ஸ் வாசித்தவள் பதினாறு வயதுக் கரன். தான் டிரம்ஸ் வாசிப்பவள், பாடவும் செய்பவள் என்பதுதான் கடைசிவரை அவளது எண்ணம். இதை எமது பாண்ட் குழுவில் மேளம் தட்டிய தங்கைமார் கவனத்திற் கொள்ள வேண்டும்.

1969 இல் ஹேர்ப் அல்பேர்ட் அவர்களைத் தமது ஏ அன்ட் எம் நிறுவனத்தில் ஒப்பந்தம் செய்தார். அடுத்த ஆண்டு ‘குளோஸ் ரு யூ’ நான்கு வாரங்கள் அமெரிக்காவில் முதலிடத்தில் நின்றது. அதே ஆண்டில் வந்து, உலகம் முழுவதும் கல்யாண வீடுகளில் பாடப்படும் ‘வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்’ ஒரு வங்கியின் தொலைக்காட்சி விளம்பரத்துக்காக எழுதப்பட்டது என்று அறிந்தபோது எமக்குச் சிறிது ஏமாற்றம்தான். ரிச்சர்ட் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு முழுப்பாட்டும் உண்டா என்று தேடிப் பிடித்தார். அதன்பின் ‘ரெயினி டேய்ஸ் அன்ட் மன்டேய்ஸ்’, ‘சுப்பர்ஸ்ரார்’, ‘குட்பாய் ரு லவ்’ என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ரொக் இசை விமர்சகர்கள் இவற்றைச் சீனிப்பாகு என்று பரிகசித்தார்கள். சனங்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

ஏன் அழுகிறோம் என்பதற்கு ரிச்சர்டின் கைவேலையில் ஒரு பகுதி விடை உண்டு. கரனால் உச்சத்திலும் பாட முடியும். ஆனால் பாடல்களை அவர் தங்கையின் தாழ்ந்த குரலுக்கு ஏற்ற சுருதியிலேயே அமைத்தார். ஒலிவாங்கிக்கு மிக அருகில் நின்று, சத்தம் போடாமல், காதுக்குள் சொல்வதுபோல அவள் பாடுவாள். பின்னால் கேட்கும் பெரிய குழுப்பாடல் வேறு யாருமல்ல. அண்ணனும் தங்கையும் தம் குரல்களையே திரும்பத் திரும்பப் பதிந்து, அடுக்கடுக்காகச் சேர்த்தது. ஒரு பெண் தன்னுடைய குரலுக்குத் தானே துணைக்குரல் பாடுகிறாள். ‘சுப்பர்ஸ்ரார்’ பாடலில் நாம் கேட்பது ஒத்திகையாக அவள் முதல் தடவை பாடிய பதிவுதான். அதைவிட நன்றாகப் பாடவைக்க ரிச்சர்டுக்குத் தோன்றவில்லை. அப்போது அவளுக்கு வயது இருபத்தொன்று.

எமது இரவுணவுகளில் ஒலிக்கும் பாட்டு 1973 இல் வந்தது. ரிச்சர்டும் ஜோன் பெற்றிஸும் சேர்ந்து எழுதியது. சிறுவயதில் வானொலி அருகில் காத்திருந்து கேட்ட பாட்டுகளை வளர்ந்தபின் மீண்டும் கேட்டு ஒருத்தி கலங்குவதே அதன் பொருள். இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் இதோடு தொடங்கி, அறுபதுகளின் பழைய பாட்டுகள் சிலவற்றை ஒரு வானொலி நிகழ்ச்சி போலவே தொடுத்து, மீண்டும் இதிலேயே முடிகிறது. இருபத்துமூன்று வயதில் கரன் தன் பத்து வயதுக்காக ஏங்கிப் பாடினாள். இன்று எழுபதைத் தொட்ட அக்காமார் அந்தப் பாட்டைக் கேட்ட தங்கள் பதினைந்து வயதுக்காக அழுகிறார்கள்.

அந்த அக்காமார் இதைக் கேட்டதும் வானொலியில்தான். இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலம் அது. வெளிநாட்டு இசைத்தட்டுகள் அரிது. இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையில் விருப்பப் பாடல் வரும் நேரத்துக்காகக் காத்திருந்து, வரிகளைப் பாதி காதிலும் பாதி ஊகத்திலும் பிடித்து, அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுவார்களாம். ஒரு கொப்பியை நாமும் கண்டிருக்கிறோம். பிழைகள் நிறைந்த, மிக அழகான கையெழுத்து. இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். எமது நாட்டுக்குத் தொலைக்காட்சி 1979 இல்தான் வந்தது. கரன் புகழின் உச்சியில் இருந்த ஆண்டுகள் முழுவதும் எமது அக்காமாருக்கு அவள் ஒரு குரல் மட்டுமே. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அவள் மெலிந்துகொண்டு போவதை மேடையில் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். 1975 இல் அவளது உடல்நிலை காரணமாகப் பிரித்தானியப் பயணம் கைவிடப்பட்டது. இங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. குரலில் நோய் தெரியவில்லை.

நாம் கேட்டது அவள் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு. மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளின் யாழ்ப்பாணம். வெளிநாடு போன ஒரு அக்கா விடுதியில் விட்டுச்சென்ற கசெற். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருத்தி பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் கேட்போம். சுற்றுபவள் களைத்தால் கரனின் குரல் ஆண்குரல் ஆகிவிடும். உடனே அடுத்தவள் ஓடிப்போய்ப் பிடிப்பாள். கசெற்றை முன்னுக்குக் கொண்டுவரப் பேனையைச் செருகிச் சுழற்றுவோம், மின்சாரம் மிச்சம் என்று. ‘ரொப் ஒஃப் த வேர்ல்ட்’ வந்தால் சிரிப்பு. ‘ஐ நீட் ரு பி இன் லவ்’ வந்தால் எல்லோரும் மௌனம். காதல் என்னவென்றே தெரியாத நாம் எதற்கு அழுதோம் என்று கேட்டால் பதில் இல்லை. வீட்டு ஞாபகமாக இருக்கலாம்.

எம் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். அந்தப் பாட்டுகளின் தாழ்ந்த பகுதியைச் சரியாகப் பாடக்கூடியவள் அவள் ஒருத்திதான். சீனியும் மாவும் அளந்து கிடைத்த காலத்தில் அவள் தன் பங்கைப் பிறருக்குக் கொடுத்துவிடுவாள். இரவில் பாண் துண்டைக் கையில் வைத்திருந்து, பசிக்கிறது என்ற சின்ன வகுப்புப் பிள்ளைக்கு நீட்டுவாள். அவளுடைய தியாக மனப்பான்மை காலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டது. நாம் கைதட்டினோம். சித்திரை வெயிலிலும் அவள் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். மாதவிடாய் நின்றுபோயிற்று என்று எமக்கு மட்டும் சொன்னாள். சோதனைப் பயம் என்றோம். ஒருநாள் விடுதிப் பொறுப்பாளரான அன்ரியிடம் பயந்து பயந்து போய்ச் சொன்னோம்.

“சாப்பாடு கிடைக்காமல் சனம் கஷ்டப்படுகுது. கிடைக்கிறதை ஆரும் வேணுமெண்டு விடுவினமோ பிள்ளை?” என்றார் அவர். அவரில் பிழையில்லை. நாமும் அப்படித்தான் நினைத்தோம்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. கசெற் விடுதியில் கிடந்தது. அதே ஆண்டின் கடைசி மாதங்களில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நாடகம் ‘ஐ நீட் ரு பி இன் லவ்’ பாடலைப் பயன்படுத்த, அவள் பிறக்கும் முன்னரே வந்த பாட்டுக்கு ஒரு புதிய தலைமுறை அங்கே அழுதது என்று பின்னாளில் படித்தோம். நாம் அப்போது தென்மராட்சியில் மழைக்குள் நின்றோம். தோழி அங்கேதான் மயங்கி விழுந்தாள். இரத்தச்சோகை என்றார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்கள். சுற்றிவர எல்லோரும் மெலிந்திருந்த இடத்தில் அவளது மெலிவு எடுபடவில்லை.

மருத்துவபீடத்துக்குப் போனபின் உளமருத்துவப் பாடநூலில் அனொரெக்சியா நேர்வோசா என்ற அத்தியாயத்தைத் திறந்தபோது எம் தோழியின் படத்தைப் பார்த்ததுபோல இருந்தது. எப்போதும் குளிர், மெதுவான நாடி, நின்றுபோன மாதவிடாய், மற்றவர்களுக்கு ஊட்டிவிட்டுத் தான் உண்ணாமை. அடுத்த பக்கத்தில் கரனின் பெயர். 1873 இல் லண்டனில் வில்லியம் கல் இந்த நோயை விபரித்தார். அதே ஆண்டில் பாரிஸில் லசேக் என்பவரும் விபரித்தார். ‘யெஸ்ரர்டே வன்ஸ் மோர்’ வருவதற்குச் சரியாக நூறு ஆண்டுகள் முன்பு. நோயின் பெயருக்குப் பசியின்மை என்று பொருள். அது பிழையான பெயர். அவர்களுக்குப் பசி உண்டு, கடும் பசி. அதை அடக்குவதே அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே அதிகாரமாகிவிடுகிறது. மனநோய்களுள் மிக அதிகமாக உயிர் பறிப்பவற்றுள் இதுவும் ஒன்று. அழகு மோகத்தால் வருவது, பணக்கார நாட்டு நோய் என்ற எண்ணங்கள் எமது மருத்துவர்கள் சிலரிடமும் இன்னும் உள்ளன.

டிரம்ஸ் வாசிப்பவளை மேடையின் முன்னுக்கு வந்து நின்று பாடும்படி அண்ணனும் முகாமையாளர்களும் வற்புறுத்தினார்கள். டிரம்ஸுக்குப் பின்னால் அவள் யாருக்கும் தெரிவதில்லை என்பது அவர்களது நியாயம். வாத்தியம் அவளுக்கு ஒரு மறைப்பாகவும் இருந்திருக்கும். அதுதான் நோய்க்குக் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். ஒரு காரணத்தைக் காட்டி முடித்துவிடக்கூடிய நோயல்ல இது. 1979 இல் ரிச்சர்ட் தூக்கமாத்திரைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறச் சென்றார். அந்த இடைவெளியில் கரன் நியூயோர்க்கில் தனியாக ஒரு இசைத்தட்டைப் பதிவுசெய்தாள். அது வெளியிடப்படாமல் கிடப்பில் போடப்பட்டு 1996 இல்தான் வெளிவந்தது. 1980 இல் திருமணம், அடுத்த ஆண்டே பிரிவு. 1982 இல் அவள் தானாகவே நியூயோர்க் சென்று சிகிச்சை பெற்றாள். அந்த ஆண்டின் ஏப்ரலில் கலிபோர்னியாவுக்கு வந்திருந்தபோது பாடிய ‘நவ்’ என்ற பாட்டே அவள் புதிதாகப் பதிந்த கடைசிப் பாட்டு. மருத்துவக் காதோடு அதைப் பல தடவை கேட்டுப் பார்த்தோம். அப்போதும் குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

1983 பெப்ரவரி 4 ஆம் திகதி, நாம் சுதந்திர தினக் கொடி ஏற்றும் நாளில், டவுனியில் பெற்றோரின் வீட்டில் விழுந்து இறந்தாள். முப்பத்திரண்டு வயது. நீண்டகாலப் பட்டினியும், வாந்தியெடுக்கச் செய்யும் மருந்து இதயத்தசையைத் தாக்கியமையும் காரணம் என்றது பரிசோதனை அறிக்கை. அவளது நிறையைச் சொல்லும் இலக்கங்கள் எல்லா நூல்களிலும் உள்ளன. வேண்டுமென்றே அவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றை எட்டவேண்டிய புள்ளிகளாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளை எமது சிகிச்சை அறையில் கண்டிருக்கிறோம். அந்த மரணத்துக்குப் பிறகே அமெரிக்காவில் சாதாரண வீடுகளிலும் இந்த நோயின் பெயர் பேசப்பட்டது. எமது ஊரில் அதற்கு இன்றும் வீட்டில் வழங்கும் ஒரு சொல் இல்லை. “பிள்ளை ஒண்டும் சாப்பிடுறாள் இல்லை டொக்டர், பிடிவாதம்” என்றுதான் அம்மாமார் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். பிடிவாதம் என்ற சொல்லைக் கேட்டால் நாம் இப்போது முதலில் நாடியைப் பிடித்துப் பார்க்கிறோம்.

எம் தோழி தப்பினாள். கொழும்பில் ஒரு உளமருத்துவரிடம் போய்ச் சேர அவளுக்கு மேலும் நான்கு ஆண்டுகள் பிடித்தன. தேற அதைவிடக் கூடுதலான காலம். இதை எழுதலாமா என்று தொலைபேசியில் கேட்டோம். “பேரை மட்டும் போடாதையுங்கோ. மற்றதெல்லாம் எழுதுங்கோ. அந்தக் கைதட்டினதையும் எழுதுங்கோ” என்றாள்.

நூற்றாண்டு இரவுணவுக்குப் பாட்டுத் தெரிவுசெய்யும் பொறுப்பு எமது வகுப்புக்குக் கிடைத்திருக்கிறது. வழமையான பாட்டு வழமையான நேரத்தில் உண்டு, அக்காமார் கவலைப்பட வேண்டாம். அதற்கு முன்னர் திரையில் ஒன்று காட்டப் போகிறோம். 1976 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான கார்பென்ரர்ஸின் நிகழ்ச்சியில், ஒரு டிரம்ஸிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி ஓடிக் கரன் வாசிக்கும் சில நிமிடங்கள். அதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை. சிரித்தபடி, வேர்க்க வேர்க்க அடிக்கிறாள். தோழி மெல்பேர்ணிலிருந்து வருகிறாள். திரைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை தனக்கு வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.