மூழ்கிய ஊரின்மேல் விரித்த வலை

கோடை முதிரும் நாள்களில் பட்டுக்கோட்டைப் பகுதியில் உழவர் இருவர் சந்தித்தால், நலம் விசாரித்த கையோடு எழும் கேள்வி, "மேட்டூரில் இன்று எத்தனை அடி?" என்பதே. நாளிதழைப் பிரித்ததும் நம் கண்கள் தேடுவதும் அந்த எண்ணைத்தான். சூன் 12 அன்று அணை திறக்குமா, நாற்று விடலாமா, வாங்கிய கடனை அடைக்கலாமா என்பதெல்லாம் அந்த ஓர் எண்ணில் அடங்கிக் கிடக்கின்றன. அதே எண்ணை அதே கவலையோடு நோக்கும் இன்னொரு மக்கள் கூட்டம் அணைக்கு அப்பால் உண்டு. அந்த நீரில் வலை விரித்துப் பிழைக்கும் மீனவர்களே அவர்கள். அவர்களை நாம் நினைப்பது அரிது.

தஞ்சைத் தரணியின் பழைய பாசனப் பகுதிகளைப் போல் நம் பட்டுக்கோட்டை தொன்றுதொட்டு ஆற்றுநீர் பெற்ற மண் அன்று. வானத்தையும் ஏரி குளங்களையும் நம்பியே நம் முன்னோர் வாழ்ந்தனர். காவிரி–மேட்டூர்த் திட்டத்தின்கீழ், பொறியாளர் எல்லிஸ் வகுத்த கல்லணைக் கால்வாய் 1934-ஆம் ஆண்டில் நீர் கொண்டுவந்தபின்தான் இங்கே வானம் பார்த்த பூமி வயலாயிற்று. ஏறத்தாழ 148 கிலோமீட்டர் ஓடி, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நனைக்கும் அக்கால்வாயை மக்கள் இன்றும் "புது ஆறு" என்றே அழைக்கின்றனர்.

அந்தப் புது ஆற்றின் வரலாறு மலைகளுக்கிடையே தொடங்குகிறது. சீதாமலைக்கும் பாலமலைக்கும் நடுவே காவிரியை மறித்து, 1925-இல் தொடங்கிய பணி 1934-இல் நிறைவுற்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லி அணையைத் திறந்து வைத்தார். நீர்த்தேக்கம் அவர் பெயரையே தாங்கிற்று. 214 அடி உயர அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நிரம்பிய காலத்தில் நீர்ப்பரப்பு ஏறக்குறைய 153 சதுர கிலோமீட்டர்.

அவ்வளவு பரந்த நீர் வெற்றிடத்தில் வந்து தங்கவில்லை. அங்கே ஊர்கள் இருந்தன. வயல்களும் வழிபாட்டிடங்களும் இருந்தன. மக்கள் மேட்டு நிலங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் வணங்கிய இடங்கள் நீருக்குள் நின்றுவிட்டன. கோடையில் நீர்மட்டம் வெகுவாகத் தாழும்போது, பண்ணவாடிப் பகுதியில் கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும், சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் மெல்ல வெளிப்படுகின்றன. இரு சமயத்தாரின் நினைவுச் சின்னங்களும் ஒரே நீரில் மூழ்கி, ஒரே வறட்சியில் எழுகின்றன.

ஊர்களோடு மீன்களின் உலகமும் மாறிற்று. கடலிலிருந்து வெள்ளத்தை எதிர்த்து ஏறிவந்து முட்டையிடும் உல்லம் மீனுக்கு, முந்தைய அணைக்கட்டுகள் ஏற்கெனவே இடராய் நின்றன. மேட்டூர்ச் சுவரோ மேலே செல்லும் வழியை முற்றிலும் அடைத்துவிட்டது. ஓடும் நீரில் வாழப் பழகிய கெண்டை இனங்கள் தேங்கிய நீரில் தளர்ந்தன. கோதாவரியிலிருந்து மீன்துறையினர் கொணர்ந்த கட்லா இங்கே செழித்தது. ரோகுவும் மிர்காலும் குஞ்சுகளாக விடப்பட்டன. மேட்டூரில் அமைந்த அரசு மீன்பண்ணை இதற்குத் துணை நின்றது. வாளையும் கெளுத்தியும் தம் பங்குக்குத் தாக்குப்பிடித்தன.

மீன்பிடிக்கும் முறையையும் மூழ்கிய நிலமே வகுத்தது எனலாம். மரக்கட்டைகளும் பாறைகளும் இடிந்த சுவர்களும் அடியில் கிடக்கும் நீர்த்தேக்கத்தில் இழுவலையை இழுத்தால் சிக்கிக் கிழியும். ஆகவே மிதவை கட்டி நீரில் தொங்கவிடும் ரங்கூன் வலையே இங்கு வழக்கமாயிற்று. மீன் வலைக்கண்ணில் தலையை நுழைத்து, செவுள் மாட்டிக்கொள்ள, முன்னும் போகாது, பின்னும் வராது. மூங்கிற் பிளாச்சுகளால் கூடைபோல் முடைந்த வட்டப் பரிசலே படகு. முன்பு அதற்குத் தோல் போர்த்தினர். பின்னர் தாரும் நெகிழித் தாளும் வந்தன. மாலையில் வலை விட்டு, விடியற்காலையில் எடுப்பர். காற்று எழுந்தால் சிறு பரிசலுக்கு அந்த ஏரி கடலாகிவிடும்.

நீர்மட்டம் அவர்களுக்கும் உயிர்மட்டம். வெள்ளம் பெருகி வந்தால் வலை நிற்காது. நீர் குறைந்தால் மீன் ஒடுங்கி எளிதில் அகப்படும். மிகக் குறைந்தாலோ மீனே மடியும். நமக்காக மதகு திறக்கும் ஒவ்வொரு நாளும் அவர்கள் தேக்கம் சுருங்குகிறது. நீர் விலகிய சேற்று நிலத்தில், மீண்டும் வெள்ளம் வருமுன் ஒரு போகம் எடுத்துவிட முனையும் உழவர்களும் அங்கு உண்டு.

இதைத் "தியாகம்" என்று சொல்லிக் கடந்துவிடுவது நமக்கு எளிது. விரும்பிக் கொடுப்பது தியாகம். கேளாமல் எடுத்துக்கொள்ளப்பட்டதை அப்பெயரால் அழைத்தால், பெற்றவன் தன் கடனை மறைக்கிறான் என்றே பொருள். அணை வேண்டாம் என்பதன்று நம் கருத்து. அது இல்லையேல் நம் பகுதியில் எத்தனை அடுப்புகள் எரிந்திருக்கும்? ஆனால் நம் தட்டில் விழும் சோற்றுக்கு விலை கொடுத்தவர் யாரென அறிந்து உண்பதே கிறிஸ்தவனுக்குரிய அறம்.

நம் ஆண்டவர் தம் முதற்சீடர்களை அழைத்ததும் ஓர் ஏரிக்கரையில்தான். கலிலேயக் கடல் என்று நாம் சொல்வது மலைகள் சூழ்ந்த நன்னீர் ஏரியே. அங்கே "பேதுருவின் மீன்" என்று இன்றும் விற்கப்படுவது, 1952-இல் நம் நாட்டுக்கு வந்து ஏரி குளமெங்கும் பெருகிய ஜிலேபிக் கெண்டையின் நெருங்கிய உறவு. இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படாத சீமோனின் களைப்பை, விடியலில் வெறும் வலையைச் சுருட்டும் மேட்டூர் மீனவர் விளக்கமின்றியே புரிந்துகொள்வார்.

பொங்கல் நாளில் நம் ஆலயங்களில் புது நெல்லையும் கரும்பையும் காணிக்கையாக்கி நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். மழைக்கும் மண்ணுக்கும் நன்றி கூறுகிறோம். அந்த மன்றாட்டுகளில் இன்னும் ஒன்று சேரட்டும்: நீருக்குள் நிற்கும் அந்தக் கோபுரத்தின் கீழ் ஒருகாலத்தில் மண்டியிட்டவர்களுக்காக, அதன்மேல் இன்று பரிசல் செலுத்துகிறவர்களுக்காக. இனி "மேட்டூரில் எத்தனை அடி?" என்று கேட்கும்போது, அந்த நீரின் கரையில் நமக்கு உறவினர் இருக்கின்றனர் என்பதும் நம் நினைவில் எழட்டும்.