சுரங்கம் எனப்படாத குழி

மண்ணைத் தோண்டும் ஒருவர் எதற்காகத் தோண்டுகிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய உயிருக்கான காவலை இந்தியச் சட்டம் நெடுங்காலம் அளந்து வந்தது. கனிமத்துக்காகத் தோண்டினால் அது சுரங்கம். அதைப் பார்வையிட ஆய்வாளர் உண்டு. கட்டடத்தின் கடைக்காலுக்கோ சாக்கடைக் குழாய்க்கோ தோண்டினால் அது வெறும் பள்ளம். சரியும் மண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

சுரங்கங்களுக்கு ஆய்வு வந்த கதையே துயரமானது. 1897இல் கோலார் தங்கவயலில் 52 பேர் மாண்டனர். அதையடுத்துப் பலுசிஸ்தானின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர் பலியாயினர். இவ்விரு விபத்துகளும் சட்டமியற்றலை விரைவுபடுத்தின. 1901இல் இந்தியச் சுரங்கச் சட்டம் நிறைவேறியது. 1902 ஜனவரி 7 அன்று கல்கத்தாவில் சுரங்க ஆய்வு அலுவலகம் தொடங்கப்பட்டது. இன்று தன்பாத்தில் இயங்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் மூலம் அதுவே. அன்று முதல் சுரங்க மரணங்கள் காரணவாரியாக எண்ணப்பட்டன. பக்கச்சுவர் சரிந்து இறந்தவர்களுக்குத் தனிக் கணக்கே இருந்தது.

1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் சுரங்கத்தை 'அகழ்வு' என்னும் சொல்லாலேயே வரையறுத்தது. கூடவே கனிமத்தைத் தேடுதல் அல்லது எடுத்தல் என்ற நோக்கத்தையும் சேர்த்தது. அந்த நோக்கம் இல்லாத அகழ்வு அச்சட்டத்துக்கு வெளியே நின்றது. உற்பத்திச் செயல்முறை நடக்கும் இடத்தையே தொழிற்சாலை என்று கருதிய 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலும் அதற்கு இடமில்லை. தமிழ்க் கொத்தனார்கள் 'வானம் தோண்டுதல்' என்று பெயரிட்டு வைத்திருக்கும் இந்த வேலை, இவ்வாறு இரு பெரும் சட்டங்களுக்கும் இடையே விழுந்தது. மண் சரிந்து ஒருவர் இறந்தால், 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடும்பம் இழப்பீடு கோர முடிந்தது. அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் காவல்துறை வழக்குப் பதிய முடிந்தது. இரண்டுமே சாவுக்குப் பின் வந்தவை.

அறிவு இல்லாததால் இது நேரவில்லை. அகழ்வுப் பணியின் பாதுகாப்புக்கான இந்தியத் தர நெறி, ஐஎஸ் 3764, 1966இலேயே வெளிவந்து 1992இல் திருத்தப்பட்டது. மத்தியப் பொதுப்பணித் துறை தன் ஒப்பந்தங்களோடு இணைக்கும் பாதுகாப்பு நெறிகளும் தெளிவானவை. 1.5 மீட்டரோ அதற்கு மேலோ ஆழமுள்ள பள்ளத்தின் பக்கங்களைப் படிப்படியாகச் சரித்து வெட்ட வேண்டும். இல்லையேல் பலகையும் முட்டும் கொடுத்துத் தாங்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர், அல்லது ஆழத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அந்தத் தூரத்துக்கு அப்பால் கொட்ட வேண்டும். 30 மீட்டருக்கு ஓர் ஏணியாவது வேண்டும். அடியைக் குடைந்து மேல்மண்ணை விழவைக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு டன் எடையுள்ளது. மார்பளவு புதைந்தவரின் தலை வெளியே இருந்தாலும், விலா விரிய இடமின்றி மூச்சு நின்றுவிடும்.

நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் 1985 முதல் தொழிற்சங்கங்கள் நடத்திய இயக்கத்துக்குப் பின், 1996இல் கட்டடம் மற்றும் பிற கட்டுமானத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. முதல் சுரங்கச் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 95 ஆண்டுகள். 1998இன் மத்திய விதிகளில் அகழ்வுக்கென ஓர் அத்தியாயமே அமைந்தது. ஆயினும் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களும், ஒருவர் தமக்காக ரூ.10 லட்சத்துக்குள் கட்டும் வீடும் சட்டத்துக்கு வெளியே நின்றன. பாதுகாப்பு அலுவலர் கட்டாயம் என்பது 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்குத்தான் இருந்தது. மக்கள் நினைவிலோ இச்சட்டம் நல வாரியமும் உதவித்தொகையுமாகவே தங்கியது. குழியைப் பற்றிய அத்தியாயம் பின்னுக்குப் போயிற்று.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், சுரங்கம், தொழிற்சாலை, கட்டுமானம் மூன்றையும் முதன்முறையாக ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்துள்ளது. ஆனால் பத்துப் பேர் என்ற வரம்பு நீடிக்கிறது. சொந்த வீட்டுக்கான விலக்கு ரூ.50 லட்சமாக உயர்ந்திருக்கிறது. ஆய்வாளரின் பெயர் 'ஆய்வாளர் மற்றும் வழிகாட்டுநர்' என்று மாறியுள்ளது. மூன்று நான்கு பேர் இறங்கி வேலை செய்யும் தெருவோரப் பள்ளம் இன்றும் வரம்புக்கு வெளியேதான்.

பள்ளத்தின் ஆய்வு ஆண்டுக்கொரு முறை செய்து முடிக்கும் காரியம் அன்று. காலையில் உறுதியாக நின்ற சுவர், மழைக்குப் பின் மாலையில் நிற்காது. விளிம்புக்கு இணையாக ஓடும் கீறல், அடியில் ஊறும் நீர், புடைக்கும் பக்கம், அருகே செல்லும் லாரியின் அதிர்வு ஆகியவற்றை அன்றாடம் அங்கே இருப்பவரே காண முடியும். நிலக்கரிச் சுரங்கத்தில் அந்தப் பணி சர்தாருடையது. அவர் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றவர். வேலை தொடங்குமுன் தம் பகுதியைப் பார்த்து, கண்டதைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுபவர். ஆபத்து எனத் தோன்றினால் ஆட்களை வெளியேற்றக் கடமைப்பட்டவர். கட்டுமானப் பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் மேஸ்திரிக்கும் அதே கண் உண்டு, அனுபவமும் உண்டு. வேலையை நிறுத்துங்கள் என்று சொல்லும் அதிகாரத்தை மட்டும் எவரும் அவருக்கு எழுதித் தரவில்லை.