அழித்து எழுதிய சொல்

அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளியவனுக்கு ஒரு பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போவதில்லை. யார் எந்தக் கோப்பை நீட்டினாலும், மேலே இருக்கும் சுத்தப் பிரதியைப் புரட்டிவிட்டுக் கீழே கிடக்கும் வரைவுகளைத்தான் கண் தேடும். எந்த வார்த்தையை அடித்தார்கள், எதை மாற்றி எழுதினார்கள், எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அமெரிக்காவில் 2005-இல் நடந்த ஒரு பள்ளிக்கூட வழக்கு அப்படிப்பட்ட வரைவுகளால் தீர்ந்தது. அதை இன்று சொல்கிறேன்.

அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. டென்னசி மாநிலத்தில் 1925-இல் ஒரு சட்டம் வந்தது. மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து தோன்றியவன் என்று அரசுப் பள்ளியில் கற்பிக்கக் கூடாது என்றது அது. ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் மீது டேட்டன் என்ற சிற்றூரில் வழக்கு நடந்தது. உலகமே வேடிக்கை பார்த்தது. அபராதம் 100 டாலர். மேல்நீதிமன்றம் 1927-இல் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. டார்வின் சொன்னது சரியென்று அதற்குக் காரணம் காட்டவில்லை. 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை ஜூரிகள்தான் விதிக்க வேண்டும், இங்கே நீதிபதி விதித்துவிட்டார், அவ்வளவுதான். சட்டம் 1967 வரை அப்படியே இருந்தது.

அடுத்த வருடம், 1968-இல், இப்படிப்பட்ட தடைகள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டார்வினைப் பந்தியிலிருந்து எழுப்ப முடியாது என்றானதும், பக்கத்தில் இன்னொரு இலை போடச் சொன்னார்கள். லூசியானாவில் 1981-இல் வந்த சட்டப்படி, பரிணாமம் கற்பித்தால் 'படைப்பு அறிவியல்' என்பதையும் கூடவே கற்பிக்க வேண்டும். 1987 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் அதையும் தள்ளியது. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்பது அவர்கள் அரசியல் சாசனம். இந்தச் சட்டமோ ஒரு மத நம்பிக்கையைப் பரப்ப வந்தது என்று ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் கருதினார்கள்.

இனி பென்சில்வேனியாவில் டோவர் என்ற ஊர். அங்குள்ள பள்ளி வாரியம் 2004 அக்டோபரில், ஆறுக்கு மூன்று என்ற வாக்கில் ஒரு தீர்மானம் போட்டது. ஒன்பதாம் வகுப்பு உயிரியல் பாடத்துக்கு முன் ஓர் அறிக்கையைப் படித்துக் காட்ட வேண்டும். டார்வின் கொள்கையில் இடைவெளிகள் உண்டு, 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று வேறொரு விளக்கமும் இருக்கிறது, விரும்புகிறவர்கள் 'பாண்டாக்களும் மனிதர்களும்' என்ற புத்தகத்தைப் பார்க்கலாம் என்பது அதன் சாரம். அறிவியல் ஆசிரியர்கள் படிக்க மறுத்துவிட்டார்கள். நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து படித்தார்கள். பதினொரு பெற்றோர் வழக்குப் போட்டார்கள்.

வடிவமைப்பு என்பது புதிய அறிவியல், படைப்புக் கொள்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது வாரியத்தின் வாதம். பெற்றோர் தரப்பு அந்தப் புத்தகத்தின் பழைய வரைவுகளை நீதிமன்ற ஆணை மூலம் வரவழைத்தது. பார்பரா ஃபாரஸ்ட் என்ற தத்துவப் பேராசிரியை அவற்றை வரிசையாக அடுக்கிப் படித்தார். 1987 தீர்ப்புக்கு முந்தைய வரைவுகளில் 'படைப்பு' என்ற சொல் நிறைந்திருந்தது. தீர்ப்புக்குப் பின் வந்த வரைவில், ஏறக்குறைய 150 இடங்களில் அது போய் 'வடிவமைப்பு' வந்திருந்தது. விளக்கமும் வாக்கியமும் பெரும்பாலும் அப்படியேதான் இருந்தன.

ஓர் இடத்தில் கை தவறியிருந்தது. 'கிரியேஷனிஸ்ட்ஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'டிசைன் ப்ரொப்போனென்ட்ஸ்' என்று போடும்போது, பழைய சொல்லின் முதல் எழுத்தும் வால் எழுத்துகளும் அழியாமல் நின்றுவிட்டன. 'சிடிசைன் ப்ரொப்போனென்ட்ஸிஸ்ட்ஸ்' என்று எந்த அகராதியிலும் இல்லாத ஒரு சொல்! அந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தட்டச்சு இயந்திரத்தோடு வாழ்ந்தவர்களுக்கு இதன் சுவை தெரியும்.

வாரியத்தின் சாட்சியாக வந்த விஞ்ஞானி மைக்கேல் பீஹியிடம் குறுக்கு விசாரணையில் ஒரு கேள்வி: அறிவியல் கொள்கைக்கு நீங்கள் தரும் இலக்கணப்படி ஜோசியமும் அதில் சேருமா? சேரும் என்று ஒப்புக்கொண்டார். பள்ளி நூலகத்துக்கு அந்தப் புத்தகத்தில் 60 பிரதிகள் எப்படி வந்தன என்ற கேள்வியில் வாரிய உறுப்பினர்கள் முதலில் மழுப்பினார்கள். ஓர் உறுப்பினர் தன் சர்ச்சில் திரட்டிய பணம் என்று பிறகு தெரியவந்தது.

2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பு எழுதினார். வடிவமைப்பு என்பது அறிவியல் இல்லை, பெயர் மாற்றிய படைப்புக் கொள்கைதான் என்றார். இவர் இடதுசாரி இல்லை. அதிபர் புஷ் நியமித்த நீதிபதி. அதற்கு முந்தின மாதத் தேர்தலிலேயே, போட்டியிட்ட பழைய வாரிய உறுப்பினர்கள் எட்டுப் பேரையும் ஊர் மக்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழக்குச் செலவுக்காகப் பள்ளி நிர்வாகம் கொடுத்த தொகை பத்து லட்சம் டாலர்.

இந்தக் கதையைச் சொன்னபோது கடற்கரையில் உடன் நடக்கும் நண்பர் கேட்டார்: "இரண்டையும் சொல்லிவிட்டுப் போகட்டுமே, பிள்ளைகளே முடிவு செய்யட்டும். அதிலென்ன தப்பு?" நியாயமான கேள்வி. நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். ஆனால் அறிவியல் வகுப்பில் நுழைய ஒரு நிபந்தனை உண்டு. சொன்னது தப்பென்றால் தப்பென்று காட்டுவதற்கு வழி இருக்க வேண்டும். மீனுக்கும் நான்கு கால் பிராணிக்கும் இடைப்பட்ட ஓர் உயிர் இருந்திருந்தால், சுமார் 37 கோடி வருடப் பழமையுள்ள பாறைகளில் கிடைக்க வேண்டும் என்று சிலர் கணக்குப் போட்டார்கள். வட கனடாவின் பனிப் பிரதேசத்தில் வருடக்கணக்காகத் தேடி, 2004-இல் 'டிக்டாலிக்' என்ற அந்த உயிரின் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். கிடைக்காமலும் போயிருக்கலாம். படைப்புக்கு இப்படி ஒரு பரீட்சை வைக்க முடியாது. அது நம்பிக்கை, அதற்குரிய மரியாதை வேறு.

கடவுளை நம்புகிறவர்கள் ஒரு பக்கம், நம்பாதவர்கள் மறுபக்கம் என்று இந்த வழக்கை நினைக்க வேண்டாம். பெற்றோர் தரப்பின் முக்கிய சாட்சியான உயிரியல் பேராசிரியர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர். நானும் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவன்தான்.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் வியாழக்கிழமை விடுமுறை. என் வயதுப் புதுவைக்காரர்கள் சிலருக்கு நினைவிருக்கும். அந்த விடுமுறை ஏன் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஜூல் ஃபெர்ரி காலத்து 1882 சட்டம், அரசுத் தொடக்கப் பள்ளியிலிருந்து மதபோதனையை எடுத்துவிட்டு, பெற்றோர் விரும்பினால் பள்ளிக்கு வெளியே அதைக் கற்பிக்கட்டும் என்று ஞாயிறு போக இன்னொரு நாளையும் ஒழித்துக் கொடுத்தது. கத்தோலிக்கப் பையன்கள் அன்று ஞானோபதேசம் படிக்கப் போவார்கள். நாங்கள் பந்து விளையாடுவோம். வெள்ளிக்கிழமை எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தவளையின் உடலமைப்பைப் படிப்போம். யாருடைய சாமிக்கும் குறை வந்ததாகத் தெரியவில்லை.

நம் நாட்டிலும் 2023-இல் மத்திய பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி எடுக்கப்பட்டது. பாடச்சுமையைக் குறைக்க என்றார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுப்பவர்களுக்கு அது இருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கு இல்லை. வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் புத்தகத்தை வாங்கி ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இல்லாத பக்கத்தைப் பற்றி அவர்கள் கேட்க மாட்டார்கள். நாம்தான் சொல்ல வேண்டும்.