கொல்லை எங்க போச்சு?

சின்ன வீட்டுல தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் எப்படி இடம் குடுக்கிறதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. மாடித் தோட்டம் பற்றி நான் பேசப் போறதில்லை, அதுக்கு யூடியூப் நிறைய வீடியோ இருக்கு. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய தெரு ஒண்ணோட பிளானைப் பார்ப்போம்.

டெல்டான்னாலே பச்சைன்னு நினைக்கிறோம். ஆனா தேனீக்கு நெல் வயல் கிட்டத்தட்ட பாலைவனம். நெல், தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கிற பயிர். பூவுல தேன் கிடையாது, பூ திறந்திருக்கிறதும் கொஞ்ச நேரம்தான். வரப்புல முளைக்கிற செடிகளும், சம்பா அறுக்கிற சமயத்துல விதைக்கிற உளுந்தும் பயறும் பூக்கும்போது ஏதோ கொஞ்சம் கிடைக்கும். மத்த நாள்ல ஊருக்குள்ளதான் வரணும். முருங்கை, தென்னை, புளி, பூசணி எல்லாம் மனுஷங்க குடியிருந்த மேட்டுலதான் இருந்தது.

அந்த மேட்டுக்குப் பேர் நத்தம். 1010-ல் முடிஞ்ச பெரிய கோயிலோட சுவர்ல, ராஜராஜன் கோயிலுக்குக் குடுத்த ஊர்களோட நிலக் கணக்கு கல்வெட்டா இருக்கு. ஊருக்கு மொத்தம் இவ்வளவு நிலம், அதுல வரி இல்லாதது இவ்வளவுன்னு கழிச்சுக் காட்டுவாங்க. ஊர்நத்தம், கோயில், குளம், ஊடே போற வாய்க்கால், சேரி, சுடுகாடு எல்லாம் கழிக்கிற பட்டியல்ல வரும். நாள் முழுக்க டேட்டாபேஸோட மாரடிக்கிற எனக்கு ரொம்பப் பிடிச்ச கல்வெட்டு இது. பூச்சிகளைப் பொறுத்தவரை, வரி கிடையாதுன்னு ஒதுக்கின அந்த நிலம்தான் சோறு போட்ட நிலம்.

இப்போ தெருவுக்கு வருவோம். காவிரிக் கரை ஊர்கள்ல பழைய தெரு வீடு முன்பக்கம் குறுகலா, உள்ள நீளமா இருக்கும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கடைசியில கிணறும் கொல்லையும். பக்கத்து வீட்டுச் சுவரும் நம்ம சுவரும் ஒட்டியிருக்கும். அதனால பக்கவாட்டுல இடம் சிதறாது, திறந்த இடம் பெரும்பாலும் பின்னாடி போய்ச் சேர்ந்துடும். கொல்லைகள் அடுத்தடுத்து அமையறதால தெரு நீளத்துக்கும் ஒரே மரப்பட்டை. பாத்திரம் கழுவின தண்ணி வாழைக்குப் போகும். ஓட்டுக்குக் கீழ மூங்கில்ல பெரிய கறுப்புத் தேனீ துளை போட்டுக் குடியிருக்கும். நாம வண்டுன்னு விரட்டுறோமே, அதுதான். முருங்கைப் பூவுக்கு அது முக்கியமான விருந்தாளி. மண் சுவர்ல நீலப் பட்டைத் தேனீ, சுவர் இடுக்குல கொசுத்தேனீ. பூச்சிக்காக யாரும் இதை டிசைன் பண்ணலை, தானா அமைஞ்சது.

உடனே 'அந்தக் காலம் பொற்காலம்'னு கிளம்பிடாதீங்க. கொல்லைக்குப் போறதுன்னா என்ன அர்த்தம்னு உங்க பாட்டியைக் கேளுங்க. அந்தக் கழிவைப் பின் சந்து வழியா வந்து அள்ளினவங்க யாருன்னும் கேளுங்க. வயல்ல உழைச்ச நிறைய பேருக்குக் கொல்லை மட்டுமில்லை, குடிசை போட்ட மண்ணே சொந்தமில்லை. விவசாயத் தொழிலாளர்களுக்குக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்குற சட்டம் தமிழ்நாட்டுல 1971-லதான் வந்தது.

அந்தச் சமூகத்தை விட்டுட்டு அந்த வடிவத்தை மட்டும் எடுத்துக்க முடியுமாங்கிறதுதான் என் கேள்வி.

பழைய கணக்கு: 20 அடி அகலம், 60 அடி நீளம், 1,200 சதுர அடி மனை. ஒட்டின சுவரோட 40 அடிக்கு வீடு கட்டினா, பின்னாடி 400 சதுர அடி ஒரே துண்டா மிஞ்சும். புதுக் கணக்கு: அதே 1,200, ஆனா 30-க்கு 40. முன்னாடி 5 அடி, மத்த மூணு பக்கமும் 3 அடி விட்டா திறந்த இடம் 432 சதுர அடி. பழசை விட அதிகம்! ஆனா வீட்டைச் சுத்தி ரிப்பன் மாதிரி கிடக்கு. 3 அடி ரிப்பன்ல மரம் வைக்க முடியாது, அதனால சிமென்ட் பூசிடுறோம். மண்ணுக்குள்ள கூடு வைக்கிற தேனீக்களுக்கு அங்க வேலையே இல்லை.

வெளிச்சம், காத்து, தீ விபத்துன்னு பக்கவாட்டு இடைவெளிக்கு நியாயமான காரணங்கள் இருக்கு. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்ல 'தொடர் கட்டடப் பகுதி'ன்னு ஒரு வகையும் இருக்கு, அங்க ஒட்டிக் கட்டலாம். புது நகர்கள்ல பொதுவா அந்தச் சலுகை கிடையாது.

எங்க வீட்டுலயே இந்தப் பஞ்சாயத்து ஓடுது. தஞ்சாவூர் ஓரத்துல, முன்னாடி வயலா இருந்த 30-க்கு 40 மனையில அப்பா வீடு கட்டப் போறார். வீட்டு நீளத்தை 4 அடி குறைச்சா, பின்னாடி 7 அடிக்கு 30 அடி, அதாவது 210 சதுர அடி மண் கிடைக்கும். கழிவுநீர்த் தொட்டியையும் சம்பையும் முன்பக்கம் தள்ளிடலாம். விலை? உள்ள 96 சதுர அடி குறையும், அது ஒரு சின்ன ரூம். அப்பாவுக்கு அது சுலபமா இறங்கலை. "உன் தேனீயா வந்து வீட்டு லோன் கட்டும்?"னு கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, பந்தல்ல பூசணின்னு அம்மா பட்டியல் போட்டப்புறம்தான் கொஞ்சம் இறங்கி வந்தார். பூசணியில ஆண் பூ வேற, பெண் பூ வேற. தேனீ வரலைன்னா காய் கிடையாது. கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் பட்டாம்பூச்சிப் புழு தின்னும், அதுக்கு மருந்தடிக்கக் கூடாதுன்னு இப்பவே சொல்லி வெச்சிருக்கேன்.

மேஸ்திரி சொன்னது, "மண்ணா விட்டா பாம்பு வரும் தம்பி". அவர் சொல்றதைச் சிரிச்சுத் தள்ள முடியாது, அது வயல் இருந்த இடம். செங்கல், விறகுன்னு எதையும் குவிக்கக் கூடாது, எலி சேர விடக் கூடாது, சுவரை ஒட்டி 2 அடிக்குத் தளம் போட்டுடலாம்னு முடிவாச்சு. கொசுவுக்காக, பாத்திரம் கழுவுற தண்ணி தேங்காம ஜல்லியும் மணலும் போட்ட குழி வழியா வாழைக்குப் போகும். காய்ஞ்ச மூங்கில் துண்டுகளை மழை படாத இடத்துல கட்டித் தொங்கவிடுறது என் பொறுப்பு.

பின் மனைக்காரர் இன்னும் கட்ட ஆரம்பிக்கலை. அவர்கிட்ட பிளானைக் காட்டியிருக்கோம். அவரும் பின்னாடி 7 அடி விட்டா, நடுச்சுவருக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து 14 அடி வரும்.