கல்லிற் பொறியாத அறம்

கொள்ளிடப் பேராற்றின் வடகரையிலே திருமழபாடி என்னும் சிவப்பதி விளங்குகின்றது. மூவர் முதலிகளின் திருப்பாடல்களையும் பெற்ற அத்தலம் இக்காலத்து அரியலூர் மாவட்டத்தைச் சார்ந்தது. முதலாம் இராசராச சோழதேவர் தமது 28-ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1013-இல், அத்திருக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதுக்குமாறு ஆணையிட்டனர். பிரிப்பதற்கு முன்னர்ச் சுவர்களிலிருந்த கல்வெட்டுக்கள் யாவும் புத்தகத்திற் படியெடுக்கப்பட்டன. அவர்தம் மைந்தராகிய இராசேந்திர சோழதேவரின் 14-ஆம் ஆண்டில் அவை புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பட்டன. ஒரு நந்தாவிளக்கிற்குச் சில ஆடுகள் விட்டவனுடைய பெயரும் மறைந்துபோகலாகாது என்பதில் நம் முன்னோர் கொண்டிருந்த கருத்து இத்துணைப் பெரிது. ஞானசம்பந்தப் பெருமான் பாடியருளிய திருப்பழுவூரிலும், திருவிசயமங்கை என வழங்கும் கோவிந்தபுத்தூரிலும் கோயிற் சுவர்கள் இவ்வாறே கொடையாளர் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன.

ஆயினும், அந்நாட்டில் நிகழ்ந்த அறங்களெல்லாம் கல்லேறினவல்ல. பசித்து வந்த ஒரு குடும்பத்திற்கு ஒதுங்க இடங்கொடுத்தவனையும், கூலி பெறாது ஒரு சிறுவனுக்கு எழுத்தறிவித்தவனையும் எந்தக் கல்தச்சன் பொறித்து வைத்தான்? இளையான்குடிமாற நாயனார் மழைபொழியும் நள்ளிரவில் வயலுக்குச் சென்று, பகலில் விதைத்த நெல்லை வாரிக் கொணர்ந்து அடியாருக்கு அமுதாக்கியதை அவ்வூர்ச் சுவர் எதுவும் சொல்லிற்றில்லை. சேக்கிழார் பெருமான் சொல்லியருளினமையால் நாம் அறிந்தோம். வீட்டின் வறுமையை வெளியே காட்டாது பிறர் வறுமையைத் தீர்க்க முற்பட்ட அத்தகையார் எத்தனை பேர் சொல்வாரின்றி மறைந்தனரோ!

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் ஒரு நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் நிகழ்ந்த உதவி ஒன்று அவ்வாறு மறையாமல் தப்பியது. அதனைக் காத்தது கல்வெட்டன்று, செப்பேடுமன்று. உதவி பெற்றவரே தம் முதுமையில் அதனை மறவாது எழுதி வைத்தார். அவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள்.

ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் பிறந்தார்கள். தஞ்சைப் பகுதியிலுள்ள உத்தமதானபுரம் அவர்கள் ஊர். தந்தையாராகிய வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். உறவினரும் ஆசிரியருமாகிய கனம் கிருஷ்ணையரிடம் குருகுலவாசம் செய்து பயின்றவர். கிருஷ்ணையர் உடையார்பாளையம் சமஸ்தானத்துப் பெரிய வித்துவான். கச்சிக் கலியாணரங்கர் என்னும் சமீன்தார் அவரைப் போற்றி வந்தனர். அத்தொடர்பு பற்றியே வேங்கடசுப்பையருக்கும் உடையார்பாளையம், அரியலூர்ப் பக்கங்களில் இடமும் ஆதரவும் வாய்த்தன. காவிரி பாயும் நாட்டை விட்டு ஒரு வித்துவான் வானம் பார்த்த நாட்டிற்குக் குடியேறினமைக்கு இதுவே காரணம்.

சமஸ்தானங்களின் நிலை அக்காலத்தில் முன்போலில்லை. பாளையக்காரராய் இருந்தோர் சமீன்தாராகிக் கும்பினியாருக்கும் பின்னர்ச் சர்க்காருக்கும் இறை செலுத்தி வந்தனர். கடனும் வழக்கும் பல இடங்களில் அவர்கள் செல்வத்தை அரித்துக்கொண்டிருந்தன. வித்துவான்களுக்குக் கொடுக்கும் மனம் இருந்த இடத்திலும் கை சுருங்கிற்று. ஒரு கலையை அரசன் ஒருவனே தாங்கி நிற்கும் முறையில் உள்ள குறை அப்போது வெளிப்பட்டது. அவ்வாதாரம் தளர்ந்தவிடத்து, அதனை நம்பியிருந்த வித்துவானும் அவர் மனைவி மக்களும் எங்கே செல்வார்கள்?

ஊர்களுக்குச் சென்றார்கள். வேங்கடசுப்பையர் இராமாயணப் பிரசங்கம் செய்வதைத் தொழிலாகக் கொண்டார். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனங்களை இசையோடு பாடிப் பொருள் சொல்வதிற் கேட்போர் ஈடுபட்டனர். பிரசங்கம் முடியும் நாளில் ஊரார் இயன்றது கொடுப்பர். அதனைக் கொண்டு சில காலம் செல்லும். பின்னர் வேறோர் ஊர். இடையே மகனுடைய கல்வி என்னாவது என்பதே அவர் பெருங்கவலை. மகனைச் சங்கீத வித்துவானாக்க வேண்டுமென்பது தந்தையார் கருத்து. மகன் உள்ளமோ தமிழிற் சென்றது. அதனை உணர்ந்த பின்னர், தமிழ் சொல்லித் தருவார் எங்கே உளரோ அங்கே குடும்பத்தைக் கொண்டுபோய் வைப்பதே அவர் வழக்கமாயிற்று. வருவாய் உள்ள ஊரைத் தேடாது வாத்தியார் உள்ள ஊரைத் தேடிச் சென்ற அத்தந்தையின் பொறுப்பும் ஈண்டு நினைக்கத்தக்கதே.

அரியலூரில் அச்சிறுவருக்கு வாய்த்த ஆசிரியர் சடகோபையங்கார். தமிழ்ச் செய்யுளின் சுவையை முதன்முதல் நன்கு காட்டியவர் இவரே என்று ஐயரவர்கள் நன்றியோடு குறிப்பிடுவர். ஐயங்கார் செல்வரல்லர். பாடஞ் சொன்னமைக்காக அவ்வேழைக் குடும்பத்திடம் அவர் பெறத்தக்கது ஒன்றுமில்லை.

அரியலூருக்கு வடமேற்கே, இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ளது குன்னம். அப்பக்கத்து நிலத்தைக் கண்டோர் அவ்வூராரின் உதவியை நன்கு மதிக்கக்கூடும். காவிரிக் கால்வாய் எட்டாத பூமி. வரகும் கம்பும் சோளமும் பருத்தியும் மழையை நம்பி விளைவன. அணித்தேயுள்ள சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த பெருமரமொன்று கிடக்கின்றது. காரையைச் சூழ்ந்த ஓடைகளில் பழங்கடலின் சிப்பிகள் கல்லுருவிற் காணப்படுகின்றன. கடல் இருந்து அகன்ற அந்நிலத்தில் ஒருபோகம் பொய்த்தால் மறுபோகம் வரையில் குடியானவன் பாடு அரிது. அத்தகைய ஊரிலே புதிதாக வந்த ஒரு குடும்பத்திற்கு இருக்க வீடும் உண்ணத் தானியமும் ஊரார் உதவினர். எல்லாம் உடையவன் எடுத்துக் கொடுப்பதற்கும், தன் குதிரில் உள்ளது ஆண்டு முடியப் போதுமோ என்று எண்ணுகிறவன் அதிலிருந்து ஒரு மரக்கால் அளந்து கொடுப்பதற்கும் வேற்றுமை பெரிது.

குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை என்னும் அன்பர் அச்சிறுவருக்குத் தமிழ்ப் பாடஞ் சொன்னார். பின்னர்க் கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூற் பாடம் நிகழ்ந்தது. அதன்பின், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை. ஒருவர் தாம் அறிந்தவளவு சொல்லிக் கொடுத்து, அதற்கு மேற்பட்டதை அறிந்தவரிடம் செல்லுமாறு விடுத்தனர். 'இவன் என் மாணாக்கன்' என்று பிடித்துவைத்துக்கொள்ளும் எண்ணம் அவர்களிடம் காணப்படவில்லை. சிறிதறிந்தார் பலர் பிறரைப் பெரிதறிந்தாரிடம் செல்லவொட்டாது தடுப்பதே உலகியல்பாதலின், இவ்வியல்பு வியக்கத்தக்கது.

அவருள்ளும் விருத்தாசல ரெட்டியார் செயல் தனித்து நிற்பது. இலக்கணத்தில் ஆழ்ந்த பயிற்சியுடையவர் அவர். தமக்கே சில ஐயங்கள் இருந்தன. மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களைக் கண்டு அவற்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டுமென்னும் வேட்கையுடையவராயிருந்தார். தம் மாணாக்கரிடம் பிள்ளையவர்கள் பெருமையை அடிக்கடி எடுத்துரைத்து, அவர்களிடம் சென்று கற்குமாறு ஊக்கினார். அச்சொல்லே அவ்விளைஞர் உள்ளத்தில் வேரூன்றியது. தந்தையும் மகனும் 1871-இல் மாயூரஞ் சென்று பிள்ளையவர்களைக் கண்டனர்.

அங்கே நிகழ்ந்ததையும் மறையாது சொல்லவேண்டும். மாணாக்கராக ஏற்றுக்கொண்ட பிள்ளையவர்கள், உணவுக்கு வழி என்ன என்று வினாவினார்கள். திருவாவடுதுறையிலும் பட்டீச்சுரத்திலும் தாம் தங்கும் நாட்களில் அதனைக் கவனித்துக்கொள்ளலாம் என்றும், மாயூரத்தில் அதற்குத் தம்மால் ஏற்பாடு செய்யக் கூடவில்லை என்றும் வருந்தினார்கள். பல மாணாக்கரைத் தம் இல்லத்திலேயே உண்பித்துக் கற்பித்தவர்கள் அவர்கள். அதன் பொருட்டுக் கடன்பட்டவர்கள். எண்ணெய்க்கும் முட்டுப்பட்ட நாட்களைக் கண்டவர்கள். ஆயினும் அந்தணச் சிறுவனைத் தம் வீட்டில் உண்பிக்க அக்காலக் குலவழக்கு இடங்கொடுத்திலது. ஒரே புத்தகத்தின் முன் அமர்ந்து கற்பதற்குத் தடையாகாத குலம் ஒரே பந்தியில் உண்பதற்குத் தடையாயிற்று. அடியார் திருக்கூட்டத்தின் பெருமையைப் பாடும் நாட்டிலே இவ்வேலி இத்துணைக் காலம் நின்றது சைவர்களுக்குப் பெருமை தருவதன்று. தந்தையார் எவ்வாறோ பொருள் தேடி அனுப்பினார். அப்பொருளும் பெரும்பாலும் பெரம்பலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்தே வந்திருத்தல் வேண்டும்.

குடும்பக் கடன் பெருகியபோது மீண்டும் அந்நாடே கைகொடுத்தது. காரையில் கிருஷ்ணசாமி ரெட்டியார் என்பவர் திருவிளையாடற் புராணப் பிரசங்கத்திற்கு ஏற்பாடு செய்தார். பிள்ளையவர்களிடம் கற்ற இளைஞர் புராணம் படித்துப் பொருள் சொல்ல, தந்தையாரும் உடனிருந்தார். கடனைத் தீர்க்கப் பொருளை வாளா எடுத்துக் கொடுத்திருக்கலாம். அவ்வாறின்றி, வித்தைக்குரிய இடத்தைக் கொடுத்து அதன் வழியாகப் பொருள் வரச்செய்தமையால் வாங்குவோர் முகம் வாடவில்லை. ஊராரும் சிவகதை கேட்டனர். ஈகையின் நுட்பம் அறிந்தோர் இதனைச் சிறிதென எண்ணார்.

இவ்வுதவிகளைச் செய்தோர் ஒரு சமயத்தாரல்லர் என்பதும் கருதற்பாலது. சைவராகிய பிள்ளையும், திருமண் தரித்த ஐயங்கார்களும், ரெட்டியார்களும் ஒரு சுமார்த்த அந்தணச் சிறுவனைக் கைமாற்றிக் கைமாற்றி வளர்த்தனர். பிள்ளையவர்களது அவையும் அத்தகையதே. கிறிஸ்தவராகிய சவரிநாத பிள்ளை அவர்கள் மாணாக்கர். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் சிவபதம் அடைந்தபோது, அவர்களைத் தம்மீது சாய்த்துத் தாங்கியிருந்தவர் சவரிநாத பிள்ளை. அருகிருந்து திருவாசகம் ஓதியவர் சாமிநாதையர்.

அதற்குப்பின் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரவர்கள் ஐயரவர்களை ஆதரித்தார்கள். 1880-இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராகிய தியாகராச செட்டியார் தாம் ஓய்வுபெறுங்கால் தம் இடத்திற்கு ஐயரவர்களையே பரிந்துரைத்தார். செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணாக்கர். மாதம் 50 ரூபாய்ச் சம்பளம் அமைந்தது; ஊர் ஊராகச் சென்ற வாழ்க்கை அன்றே முடிந்தது. அவ்வாண்டிலேயே கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். அவ்வினாவின் பயனாக 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் தொடர்ந்தன. சைன காவியமாகிய சிந்தாமணிக்கு ஐயந்தீர்த்து உதவியவர்கள் கும்பகோணத்துச் சைனர்கள்.

குன்னத்தில் தானியம் அளந்தவர்க்கு இவற்றுள் ஒன்றேனும் தெரியாது. அளந்த நாளிற் புறநானூறு எங்கோ ஏட்டுச் சுவடியிற் கிடந்தது. சிறுவனோ நன்னூற் சூத்திரம் நெட்டுருச் செய்துகொண்டிருந்தான். இவன் பெரியவன் ஆவான் என்று எண்ணிக் கொடுத்திருந்தால் அது வாணிகமாகும். அவ்வூர்களில் அவ்வாண்டுகளில் உண்டு வளர்ந்த வேறு சிறுவர் யாவர், அவர் பிற்காலத்து என்ன ஆயினர் என்பது எவரும் எழுதாதது. அவர்க்கு அளந்த மரக்காலும் இம்மரக்காலும் ஒரே அளவின. மறுபுறம், ஒரு சடகோபையங்காரும் வாய்க்காமையால் திண்ணையோடு கல்வி நின்றுபோன பிள்ளைகள் அந்நாட்டிற் பலர் இருந்திருத்தல் வேண்டும். பெண் மக்களைப் பற்றியோ சொல்ல வேண்டுவதில்லை; அவர்களை அத்திண்ணை ஏற்றதேயில்லை.

ஐயரவர்கள் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது வயது 80-ஐக் கடந்திருந்தது. 1940 முதல் அஃது ஆனந்த விகடனிற் பகுதி பகுதியாக வெளிவந்தது. அரசாங்கத்தார் அளித்த மகாமகோபாத்தியாயப் பட்டமும் பல்கலைக்கழகத்தார் அளித்த டாக்டர் பட்டமும் பெற்றிருந்த அப்பெரியார், அரியலூர்த் திண்ணையையும் குன்னத்து வீட்டையும் செங்கணத்துக் காரிகைப் பாடத்தையும் ஊர்ப்பெயர், ஆட்பெயரோடு நிறுத்தி எழுதினார்கள். தாம் இரந்துண்ட நிலையையும் மறைத்தார்களில்லை. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அவர்கள் மறைந்தமையால் அச்சரித்திரம் முற்றுப்பெறாது நின்றது. பின்னாளைய பதிப்புக்கள் பலவற்றின் கதை எழுதப்படாமற் போயிற்று. குன்னத்தாரைப் பற்றிய பகுதிகள் முன்னரே அச்சேறியிருந்தன.